அனிமல் ஹவுஸில் கால்நடை மருத்துவருக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பார்மசி கல்லூரிகளில் ஆய்வு விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் அனிமல் ஹவுஸ்களுக்குப் பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவராகப் போய்வருகிறேன். ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள், கூண்டு கழுவுகிறவர்கள், இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற இளம் மருத்துவர்கள் என எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தாம். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் எலி என்றால் பெரிய ஆய்வக எலி, சுண்டெலி என்றால் சிறியது. சட்ட விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை.

1. எலிக்கு எதற்கு சார் டாக்டர்? செத்தால் வேறு எலி வாங்கிக்கொள்ளலாமே?

தெருநாய்க்குக் காலில் அடிபட்டால் அது நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும், நாக்கால் நக்கும், இன்னொரு தெருவுக்குப் போய்விடும். கூண்டில் இருப்பதற்கு அந்த வழி எதுவும் கிடையாது. தண்ணீர், காற்று, வெளிச்சம், பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் நாம் தீர்மானிக்கிறோம். அப்படித் தீர்மானிக்கிற இடத்தில் அதன் உடம்பைப் பற்றி மட்டும் யோசிக்க ஒரு ஆள் வேண்டும்.

இது போதாது, ஆய்வுக்கு என்ன லாபம் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மா கிருமி பிடித்த எலி பல வாரங்கள் வெளிக்குத் தெரியாமல் நுரையீரல் நோயோடு இருக்கும். அதற்கு உங்கள் மூலிகைச் சாற்றைக் கொடுத்து, பிறகு நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, சாறுதான் கெடுத்தது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவீர்கள்.

2. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஆய்வைத் தடுக்கவில்லை; 14ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அனுமதித்துவிட்டு, கண்காணிக்க ஒரு குழுவை 15ஆம் பிரிவில் வைத்தது. வெகுகாலம் சிபிசிஎஸ்இஏ என்று அழைக்கப்பட்ட அந்தக் குழு இப்போது சிசிஎஸ்இஏ. மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் இருக்கிறது. பதிவு, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு, படிவங்கள் எல்லாம் 1998ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வருகின்றன.

புதிதாக வருகிறவர்கள் 17ஆம் பிரிவை மட்டுமாவது வாசித்துவிட வேண்டும். அறுவை செய்தால், இயன்றவரை வலி தெரியாத அளவுக்கு மயக்க மருந்து தர வேண்டும். பிழைத்து எழுந்தால் கடும் துன்பம்தான் என்னும் நிலையில் உள்ள விலங்கை மயக்கம் தெளியுமுன்பே முடித்துவிட வேண்டும். கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை கூடாது. சிறிய விலங்கில் கிடைக்கிற முடிவுக்குப் பெரிய விலங்கைத் தேடக் கூடாது.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். குழுவின் தடையாணையை மீறினால் 20ஆம் பிரிவின்படி அபராதம் 200 ரூபாய் வரை. 1960இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. ஆனால் 19ஆம் பிரிவின் கீழ் நிறுவனத்தின் ஆய்வையே நிறுத்திவைக்க முடியும். அந்தப் பயம்தான் கல்லூரி முதல்வரை அனிமல் ஹவுஸ் பக்கம் வரவழைக்கிறது.

3. நெறிமுறைக் குழுவில் நீங்களும் ஒரு உறுப்பினர்தானே? கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்ததா?

குழுவில் உயிரியல் விஞ்ஞானிகள், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர், வெளி நிறுவனத்து விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர், சிசிஎஸ்இஏ நியமித்த உறுப்பினர், இவர்களோடு கால்நடை மருத்துவர் இருப்பார். எலி, சுண்டெலி, முயல், கினிப் பன்றி போன்றவற்றுக்கு இந்தக் குழுவின் ஒப்புதல் போதும். நாய், குரங்கு, ஆடு போன்ற பெரிய விலங்கு என்றால் விண்ணப்பம் டெல்லிக்கு, சிசிஎஸ்இஏவிடம் போக வேண்டும்.

மற்றவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் தேநீர். மருத்துவருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம், ஏனென்றால் ஒப்புதல் தந்த தாளில் உள்ளதுதான் கூண்டுக்குள் நடக்கிறதா என்று போய்ப் பார்க்கப் போவது அவர். ஒப்புதல் கேட்கும் விண்ணப்பமான பி படிவம் என் கைக்கு வந்தால் தலைப்பை நான் கடைசியில்தான் வாசிப்பேன். முதலில் தேடுவது இரத்தம் எடுக்கும் அளவு. 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 2 மில்லிலிட்டர். ஒரு தடவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிலிட்டர் எடுத்தால் தாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மில்லிலிட்டர் என்று எழுதிய படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கொடூரர் இல்லை. வழிகாட்டியின் பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதியவர்.

4. நீங்கள் வந்தவுடன் எதைப் பார்க்கிறீர்கள்? ஐந்து நிமிடம் சும்மா நிற்கிறீர்களே?

சும்மா நிற்பதுதான் பரிசோதனை. எலியும் சுண்டெலியும் பிற விலங்குகளுக்கு இரையாகிற சாதி. பெரிய உருவம் ஒன்று கதவைத் திறந்தால் நோயை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரும். ஐந்து நிமிடம் ஆடாமல் நின்றால் மறந்துவிடும். அப்போது முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருப்பது எது, முடி சிலிர்த்திருப்பது எது, கூட்டத்தில் சேராதது எது என்று தெரியும். சுண்டெலியின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் முறை ஒன்றை 2010இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுருங்கும் கண், புடைக்கும் மூக்கு, புடைக்கும் கன்னம், பின்னுக்குப் போகும் காது, நிலை மாறும் மீசை ஆகிய ஐந்து அடையாளங்களைக் கொண்டது அது. பழகிவிட்டால் பேருந்தில் எதிரில் இருப்பவரின் தலைவலியைக் கண்டுகொள்வது போலத்தான்.

நிற்கும்போது மூக்கும் வேலை செய்யும். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாசம் என்றால் கூண்டில் பரப்பிய உமியை மாற்றி நாளாகிவிட்டது. நான் ஆள் உயரத்தில் நின்று சுவாசிக்கிறேன்; எலி அந்த உமியின் மேலேயே மூக்கை வைத்துப் படுத்திருக்கிறது. அடுத்தது தண்ணீர்ப் புட்டி. நிறைந்திருப்பதால் நம்பிவிடக் கூடாது. முனையில் உள்ள குண்டு அடைத்துக்கொண்டால் புட்டி நிறைந்தே இருக்கும், எலி தாகத்தில் சாகும். விரலால் தட்டிப் பார்ப்பேன். கடைசியாக வெப்பநிலைப் பதிவு. வழிகாட்டு நெறிகள் சொல்வது 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். மே மாதம் முழுக்க 24 டிகிரி என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தால் மின்தடை நாட்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பிப்பேன்.

5. எலிக்குக் கண்ணில் இரத்தம் வருகிறது. தொற்றா?

பெரும்பாலும் இரத்தமே இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபைரின் என்னும் செந்நிறப் பொருள். நல்ல எலி அதைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். மன அழுத்தம், நோய், வலி இருந்தால் அதிகமாகச் சுரக்கும், துடைக்கவும் தோன்றாது. ஆகவே பயந்து கண் சொட்டு மருந்தைத் தேட வேண்டாம். ஏன் துடைக்கவில்லை என்று தேடுங்கள்.

6. புதிதாக வாங்கிய விலங்குகளை உடனே தர மறுக்கிறீர்களே? எனக்குப் பருவ அறிக்கை நெருங்குகிறது.

சிறிய விலங்குகளுக்கு ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை, நாய், குரங்கு போன்றவற்றுக்கு ஆறு வாரம் வரை தனி அறை. நோயை உள்ளே கொண்டுவராமல் இருப்பதற்கு மட்டுமில்லை இது. லாரியில் குலுங்கி, புது வாசத்தில், புதுத் தண்ணீரில் இறங்கிய எலியின் இரத்தச் சர்க்கரையும் எடையும் அதன் இயல்பான அளவில் இருக்காது. அறிக்கை நெருங்குகிறது என்றால் ஆர்டர் முன்பே போயிருக்க வேண்டும்.

7. நான் கூண்டு கழுவுகிறவன். ஒரு எலி சோர்ந்திருக்கிறது என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. யாரிடம் சொல்வது?

என்னிடம். ஆய்வாளரிடம் முதலில் சொல்ல வேண்டும், பொறுப்பாளர் வழியாகத்தான் வர வேண்டும் என்கிற வரிசையெல்லாம் மருந்துச் செலவுக்கு, நோய்க்கு இல்லை. நான் போகும் எல்லா இடங்களிலும் என் கைபேசி எண் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும், கூண்டு கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே.

ஒரு கல்லூரியில் பராமரிப்பாளர் ஒருவர் பதிவேட்டில், "மூன்றாம் கூண்டு, சத்தம் வேறு மாதிரி" என்று மட்டும் எழுதியிருந்தார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய கறகறப்பு. முதல் பதிலில் சொன்ன அந்த நுரையீரல் நோய்தான். பட்டம் வாங்கிய எங்களுக்கு அது கேட்க ஒரு வாரம் பிடித்திருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு எல்லா விலங்குகளையும் பார்க்கிற ஒரே மனிதர் நீங்கள்தான். உங்கள் வரியை யார் கேலி செய்தாலும் எழுதுங்கள்.

8. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்துவிடுங்களேன்?

மாட்டேன். எலி தாங்குகிற பென்சிலின் கினிப் பன்றியைக் கொல்லும். அதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் கழிந்து செத்துவிடும். ஹாம்ஸ்டர் என்னும் வெள்ளெலிக்கும் அதே கதி. எல்லா நோயும் கிருமியால் வருவதும் இல்லை. கினிப் பன்றி பல்லை நறநறத்து, நடக்க மறுத்து, மூட்டு வீங்கினால் முதலில் தீவனத்தின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மனிதரைப் போலவே அதனாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. பழைய தீவனத்தில் அந்த வைட்டமின் அழிந்துபோயிருக்கும்.

9. நாளை காலை அறுவை. இரவு முழுக்கப் பட்டினி போட்டுவிடட்டுமா, மனிதர்களுக்குச் செய்வது போல?

மனிதருக்குப் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் இறங்காமலிருக்க. எலி, சுண்டெலி, முயல் மூன்றுக்கும் வாந்தியே வராது. மேலும் எலியினம் இரவில்தான் சாப்பிடும். இரவு தீனியை எடுத்தால் ஒருவேளைப் பட்டினி என்று நீங்கள் நினைப்பது அதற்கு முழுநாள் பட்டினி. முயலுக்கு இன்னும் மோசம், குடல் இயக்கம் நின்றால் திரும்ப ஓட வைப்பது பெரும்பாடு. சர்க்கரை அளவு பார்க்கத்தான் வயிறு காலியாக வேண்டும் என்றால் காலையில் தீனியை எடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரம் விடுங்கள்.

10. மயக்கம் கொடுக்க ஈதர் பாட்டில் இருக்கிறது. அது போதாதா? கெட்டமைனுக்கு ஏன் இவ்வளவு பதிவேடு?

ஈதர் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும், தீப்பிடிக்கும். ஈதர் கொடுத்த சடலத்தைச் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அதன் ஆவியே வெடிக்கப் போதும். அந்தப் பாட்டிலை முறைப்படி அப்புறப்படுத்துங்கள். கெட்டமைன் ஒரு மயக்க மருந்து; அரசின் மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்கு வேண்டும். சைலசின் என்னும் தூக்கமூட்டும் மருந்தோடு சேர்த்துப் போட்டால் சுண்டெலி கண்ணைத் திறந்தபடியே தூங்கும், கருவிழி காய்ந்துவிடும்; கண் களிம்பு தடவுங்கள். அடியில் வெப்பப் பட்டை வையுங்கள். அந்தச் சிறு உடம்பு மயக்கத்தில் மிக வேகமாகச் சூட்டை இழக்கும். "மயக்க மருந்து அதிகமாகிவிட்டது" என்று எழுதப்படும் சாவுகளில் பல, குளிரில் நேர்ந்தவை.

வலிக்கு மனிதர்களுக்கான டைக்லோஃபெனாக் ஊசியைக் கொண்டுவராதீர்கள். அந்த மருந்து ஏறிய மாடுகளின் சடலத்தைத் தின்று பாறு கழுகுகள் அழிந்ததால் 2006இலேயே கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டுவிட்டது. எரியூட்டிக்குப் போகும் எலியை எந்தப் பாறு தின்னப்போகிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மெலாக்சிகாம் என்னும் வேறு வலி நிவாரணி அலமாரியில் இருக்கும்போது எதற்கு வாதம்? தண்ணீரில் வலி நிவாரணியைக் கலந்து வைத்தால் போதுமா என்றும் கேட்பார்கள். வலியில் உள்ள எலி தண்ணீரே குடிக்காது.

11. ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டு நீரிழிவு உண்டாக்கினால் முதல் நாளே பாதி செத்துவிடுகிறது. மருந்தளவு தப்பா?

தமிழ்நாட்டு அனிமல் ஹவுஸ்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மூலிகைக்கு நீரிழிவைக் குறைக்கும் குணம் உண்டா என்று பார்க்காத பார்மசி கல்லூரி உண்டா? மருந்தளவு சரியாக இருந்தாலும் சாகும். கணையத்தின் பீட்டா செல்கள் உடையும்போது உள்ளே சேமித்திருந்த இன்சுலின் மொத்தமாகக் கொட்டும். சர்க்கரை ஏறுவதற்கு முன் ஒருதரம் அடியோடு விழும். அது பெரும்பாலும் இரவில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. முதல் நாள் குடிதண்ணீரில் குளுக்கோஸ் கலந்து வையுங்கள், தீனியை எடுக்காதீர்கள்.

பிழைத்த பிறகும் கவனிப்பு குறையக் கூடாது. நீரிழிவு எலி இயல்பைவிடப் பல மடங்கு குடித்து, பல மடங்கு சிறுநீர் கழிக்கும். வாரம் இருமுறை உமி மாற்றுவது என்கிற அட்டவணை இங்கே செல்லாது. தினமும் மாற்ற வேண்டும். புட்டி இரண்டு வேண்டும். பொங்கல் விடுமுறை நான்கு நாளும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விடுமுறையில் யார் வருவார் என்று பெயர் எழுதாத பி படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

12. என் ஆய்வே வீக்கத்தைப் பற்றியது. வலி நிவாரணி கொடுத்தால் முடிவு கெட்டுவிடுமே?

நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. வீக்கத்தைக் குறைக்கும் வகை மருந்தைக் கொடுத்தால் உண்மையிலேயே கெடும். வேறு வழியில் வலியைக் குறைக்கும் மருந்து உண்டா என்று படிவம் எழுதும்போதே உட்கார்ந்து பேசலாம். அதுவும் இயலாது என்றால் மருந்தில்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. மூட்டு வீங்கிய எலியால் பின்னங்காலில் நின்று மேலே உள்ள தீனியை எட்ட முடியாது. தீனியைத் தரையில் வையுங்கள், தண்ணீர்க் குழாயை நீளமாக்குங்கள், உமியை ஆழமாகப் போடுங்கள். இவை எந்த அளவீட்டையும் பாழாக்கப் போவதில்லை. மாறாக, பசியால் இளைத்ததை நோயால் இளைத்தது என்று நீங்கள் எழுதாமலிருக்க உதவும்.

அளந்து முடித்த அன்றே விலங்கின் பங்கு முடிந்தது. "வழக்கமாக 28 நாள் வைப்போம்" என்பதற்காக அடுத்த பத்து நாள் வலியில் வைத்திருக்கக் கூடாது.

13. நச்சுத்தன்மைச் சோதனையில் விலங்கு தானாகச் செத்தால்தானே தரவு? நீங்கள் முன்பே முடித்துவிட்டால்?

பாதி விலங்குகள் சாக எவ்வளவு மருந்தளவு வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பழைய முறையை, அதாவது 401ஆம் வழிமுறையை, இத்தகைய சோதனை வழிமுறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2002இல் நீக்கிவிட்டது. இப்போதுள்ள 423ஆம் முறையில் ஒரு படிக்கு மூன்று விலங்குகள். சாகும் தறுவாயில் உள்ளதைக் கருணைக்கொலை செய்தால் அதையும் சோதனையில் இறந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வழிமுறையே சொல்கிறது. ஆகவே தரவு போகாது. இரவெல்லாம் துடிக்க விட்டுக் காலையில் விறைத்ததைப் பொறுக்கினால்தான் போகும்: திசு அழுகியிருக்கும், கூட இருந்தவை கடித்திருக்கும்.

14. ஆய்வாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்களே விலங்கைக் கருணைக்கொலை செய்துவிட முடியுமா?

முடிய வேண்டும், ஆனால் அந்த வாக்குவாதத்தைக் கூண்டுக்கு முன்னால் நடத்தக் கூடாது. ஒப்புதலின்போதே எல்லையை எழுதி வாங்கிவிடுவேன். எடை 20 சதவீதம் குறைந்தால், கட்டி நடையைத் தடுத்தால், தட்டினாலும் அசையாவிட்டால் விலங்கு ஆய்விலிருந்து வெளியே. கையெழுத்து ஆய்வாளருடையது. அதன்பிறகு நான் செய்வது அவருடைய சொந்த வார்த்தையை நிறைவேற்றுவது. தொலைபேசியில் அழைப்பேன், எடுக்காவிட்டால் பொறுப்பாளரை அழைப்பேன், அவரும் எடுக்காவிட்டால் காத்திருக்க மாட்டேன். திசு மாதிரியை எடுத்துப் பாதுகாத்து வைப்பேன், அது மரியாதை. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆய்வகத்துக்கென்றே பெயர் குறித்த கால்நடை மருத்துவர் இருப்பார். நம் நாட்டில் இந்த அதிகாரம் பெருமளவுக்கு அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருக்கிறது.

செய்யும் முறையில் ஒரு எச்சரிக்கை. கார்பன் டை ஆக்சைடு பெட்டி வளர்ந்த சுண்டெலிக்கு. பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும். செத்ததென்று பையில் போட்டு, பை அசைவதைப் பார்த்த மாணவி ஒருவர் ஒரு மாதம் அறைக்கே வரவில்லை. எந்த முறையானாலும் வேறொரு வழியில் சாவை உறுதி செய்துவிட்டுத்தான் பையை மூட வேண்டும்.

15. ஆய்வு முடிந்தபின் நன்றாக இருக்கும் விலங்குகளை என்ன செய்வது?

விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், விலங்கில்லா முறைக்கு மாற்றுதல், துன்பம் குறையும்படி செய்முறையை மேம்படுத்துதல் என்று 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்றோடு, மறுவாழ்வு என்னும் நான்காவதை இந்தியா சேர்த்துக்கொண்டது. அந்தச் செலவு ஆய்வுச் செலவிலேயே அடங்க வேண்டும் என்பது கொள்கை. நாய்களுக்கு வீடு தேட முடிகிறது. நூறு எலிகளுக்கு வீடு தேடியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. இந்தக் கொள்கை எலி அறையின் கதவருகே வந்து தயங்கி நிற்கிறது என்பதுதான் என் அனுபவம். அதனால் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே குறைப்பதற்காகச் சண்டை போடுகிறேன்.

16. இதெல்லாம் செய்து உங்களுக்கு மனம் உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. அழகுசாதனப் பொருளுக்காக விலங்குச் சோதனை 2014இல் இங்கே தடையானபோது மகிழ்ந்தேன். புது மருந்துக்கு விலங்கில்லா முறைகளையும் ஏற்கலாம் என்று 2023இல் விதி திருத்தப்பட்டபோதும் அப்படியே. என் வேலை போய்விடுமே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். போகட்டும். அதுவரை அந்த அறைக்குள் உறுத்தல் உள்ள ஒருவர் போவது, இல்லாத ஒருவர் போவதைவிட எலிக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

17. அடுத்த வாரம் அதிகாரிகள் அனிமல் ஹவுஸைப் பார்வையிட வருகிறார்கள். விட்டுப்போன நாட்களுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?

வாரம் ஒருமுறை வரும் மருத்துவரிடம் ஏழு நாள் கையெழுத்தையும் கேட்கிறீர்கள். போட்டால் நான்காம் பதிலில் சொன்ன அந்த ஒரே பேனா வெப்பநிலைப் பதிவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? விட்டுப்போன நாட்களை வெற்றாகவே விடுங்கள். கீழே இன்றைய தேதியிட்டு, அந்த நாட்களில் மருத்துவர் வரவில்லை, விலங்குகளைப் பார்த்தவர் பராமரிப்பாளர் என்று எழுதி, அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பக்கத்தில் நானும் போடுகிறேன், இன்றைய தேதியில்.